மலைக்குப் பின்னால் ஒரு கோடு

என் கணவர் எடுக்கும் மலைப் படங்களைத் திட்டுவது எனக்குப் பழக்கம். கல்யாணப் படங்களைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அது அவருடைய தொழில். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்தால் போதும். ஆனால் அம்பூரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலையைப் படமெடுத்து வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் சும்மா விடமாட்டேன். அந்த மலையை நானும்தான் தினமும் பார்க்கிறேன்.

நான் திருப்புறத்துக்காரி. கடலுக்குப் பக்கத்து ஊர், தரையெல்லாம் ஒரே மட்டம். உயரமாகப் பார்க்க வேண்டுமென்றால் தென்னையைத்தான் பார்க்க வேண்டும். கல்யாணம் கழிந்த மறுநாள் காலையில் இந்த வீட்டுப் பின்கதவைத் திறந்தேன், கண்முன்னால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு மலை நின்றது. "ஆண்டவரே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாமியார் ஓடி வந்து, "என்னவிள்ளே, பாம்பா?" என்று கேட்டார். மலை என்றேன். "அது நேத்தும் நின்னுது, நாளைக்கும் நிக்கும். நீ போய் பல்லத் தேய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இப்போது மாமியார் இல்லை, என் தலையும் பாதி நரைத்துவிட்டது. இருந்தாலும் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த முதல் நாள் திக்கென்றது போலத்தான் இன்றைக்கும் இருக்கிறது. பழகவே இல்லை.

பனச்சமூட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருடைய ஸ்டுடியோ. அதை ஒட்டியே என் தையல் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். கேரளத்துக்காரிகளும் ப்ளவுஸ் தைக்க வருவார்கள், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். ரெண்டு பேரும் சொன்ன தேதிக்கு முந்தின நாளே வந்து நிற்பார்கள், அதில் மட்டும் வித்தியாசம் கிடையாது. நான் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இஞ்ச ஒரு நிமிஷம் வாறியா?" என்று கூப்பிடுவார். புதுசாக ஒரு மலைப் படம் முடித்திருக்கிறார் என்று அர்த்தம். நான் கத்திரியை வைத்துவிட்டுப் போவேன்.

மலையைப் படமெடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. விடியற்காலையில் வானம் வெளுத்துக் கிடக்கும், கீழே ரப்பர்க் காடு கரிபிடித்த சட்டி மாதிரி கிடக்கும். கேமராவை வானத்துக்குச் சரியாக வைத்தால் கீழே ஒன்றும் தெரியாது. கீழே தெரியும்படி வைத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நம் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது, கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனால் அவர் முக்காலியில் கேமராவை ஊன்றி, துளியும் அசைக்காமல், ரொம்ப இருட்டாக ஒன்று, அதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று என்று அடுத்தடுத்து ஐந்து படம் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டுப் படத்திலிருந்து வானத்தை எடுப்பார், வெளிச்சப் படத்திலிருந்து அடிவாரத்தை எடுப்பார், எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. ஐந்து துணியை வெட்டி ஒரு ப்ளவுஸ் தைப்பதுதான். சேர்த்த இடம் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி.

அவர் சேர்த்த இடம் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. மலையும் வானமும் தொடுகிற இடத்தில், முகடு நெடுக ஒரு கோடு ஓடும். மலைக்கு மேலே இன்னொரு மலையை வரைந்து அழித்த மாதிரி இருக்கும்.

"இது என்னது, சேலைக்கு ஜரிகை வைக்கது மாதிரி மலைக்குக் கசவுக்கரை வச்சிருக்கீங்க? கல்யாணத்துக்குப் போகுதா அது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் சொன்னது மனசில் பதிந்துவிட்டது போலும். அதற்குப் பிறகு எந்த மலைப் படம் செய்தாலும் கடைசியில் முகட்டுக்கு மேலே கண்ணை ஓட்டி, அங்கே ஒரு கோடு தெரிந்தால் உடனே துடைத்துவிடுவார். பக்கத்திலிருந்து கொஞ்சம் மேகத்தை எடுத்து அதன்மேல் அப்பிவிடுவார். துடைத்துவிட்டு, "இனி நீ வாயத் தொறக்க முடியாது, கேட்டியா" என்பார். நானும் பெருந்தன்மையாக ஒத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் வலது கண் என்னை ஏமாற்ற ஆரம்பித்தது.

நேர்த்தையல் போட்டால் நெளிந்து தெரிந்தது. முதலில் மிஷினைத் திட்டினேன். பிறகு நூலை, பிறகு கடைக்குள் தொங்குகிற விளக்கை, கடைசியில் வந்து நின்ற ஒரு பெண்ணை. ஒரு நாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். கடைவாசல் நிலை வெயிலில் காய்ந்த மீன் மாதிரி வளைந்து நின்றது. கையை எடுத்தேன், நேராகிவிட்டது. மறுபடி பொத்தினேன், வளைந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

திருவனந்தபுரத்துக்குப் போனோம். கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். வலது கண்ணில், விழித்திரையின் நடுவில் ஒரு மெல்லிய ஆடை படர்ந்து சுருங்கி இருக்கிறதாம், பாலில் ஆடை சுருங்குமே அதுபோல. இப்போதைக்கு அறுவை வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். "பேடிக்கண்டா சேச்சீ, பயப்படாதீங்க, இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். "கோடு வளைஞ்சாலும் முறிஞ்சாலும், இல்லாத கோடு ஏதாவது புதுசா தெரிஞ்சாலும், அன்னைக்கே வரணும்" என்றார்.

தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். இல்லாத கோடு என்று அவர் சொன்னது மட்டும் எனக்குள்ளேயே கிடந்தது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். இடது கண்ணும் போனால் என்ன செய்வேன்? தைக்காமல் இருந்த ஒரு நாள் எனக்கு நினைவில்லை. இந்த மலையைப் பார்க்காமல் பின்கதவைத் திறப்பது எப்படி என்றும் எனக்குத் தெரியாது. வெளியே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. வெளியே எப்போதும்போல் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசி மழை ராத்திரியெல்லாம் கொட்டித் தீர்த்து விட்டிருந்த ஒரு காலை. கொடியில் மறந்துபோன துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனேன். சூரியன் இன்னும் வரவில்லை. மலை கன்னங்கரேலென்று நின்றது. முகட்டில் வலது பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு, அங்கேதான் எப்போதும் மேகம் வந்து தங்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மேகம் விலகியது. விலகின இடத்தில், எங்கள் மலைக்குப் பின்னால், அதைவிட உயரத்தில், இன்னொரு மலை நின்றது.

மலை என்றால் வெறும் கோடுதான். சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம். வானத்தைவிட ஒரு சொட்டு கறுப்பு, அவ்வளவே. பள்ளத்திலிருந்து கிளம்பி மெல்ல ஏறி, ஓரிடத்தில் தோள் மாதிரி கொஞ்ச தூரம் மட்டமாகப் போய், மறுபடி ஏறி, அப்புறம் சட்டென்று இறங்கியது. எங்கள் மலை அதன் காலடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக இதுதான் பெரிசு என்று நினைத்து நான் வாய் பிளந்து நின்ற மலை! எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஈரத்துணியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஜாக்கெட் நனைவதுகூடத் தெரியாமல் நின்றேன். கண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோயிலில் ஆராதனை முடிந்து ஜெபம் சொல்லும்போது சில சமயம் அப்படி வரும்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. இல்லாத கோடு.

இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண்ணில் மலையே குழைந்து தெரிந்தது, கோடு இல்லை. வலது கண்ணைப் பொத்தினேன். கோடு இருந்தது. அதாவது நல்ல கண்ணில் மட்டும் இருந்தது. நான் மறுபடி கையை மாற்றுவதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது.

பக்கத்து வீட்டு மைனி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "மைனீ, அந்த மலைக்குப் பின்னால வேற ஒரு மலை உண்டா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மேகம்தான் இருந்தது. "நான் பொறந்ததே இஞ்சதானாக்கும். அப்படி ஒண்ணும் நான் கண்டதில்ல" என்றார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பின்னால தமிழ்நாடு உண்டு" என்று சொல்லிச் சிரித்தார். போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சையாகக் கிடந்தது. எங்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் எது தெரியும், எது தெரியாது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?

கட்டத்தாளில் கோடுகள் நேராகத்தான் இருந்தன. ஆனாலும் அதை நம்ப மனசு வரவில்லை. டாக்டரிடம் போகவும் பயமாக இருந்தது. போனால் அவர் சொல்லிவிடுவார் அல்லவா? அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கேமராவுக்கு வியாதி கிடையாது. அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் என்ன?

"எனக்கு ஒரு மலைப் படம் வேணும்" என்றேன். "நல்லா எடுக்கணும். மழை விட்ட காலையில, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு எடுக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை! திட்டுகிறவளே படம் கேட்கிறாள். "எனக்க படத்துக்கு இப்பமாவது ஒரு மரியாதை வந்துதே" என்று அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் காரணத்தைச் சொல்லவில்லை.

ரெண்டு காலை மேகம் விலகவே இல்லை. அடுத்த மழை பெய்து விட்ட காலையில் அவர் முக்காலியை ஊன்றிக்கொண்டு நின்றார், நான் பால் விடாத கட்டஞ்சாயாவோடு பக்கத்தில் நின்றேன். வானம் வெளுக்கத் தொடங்கியது. அவர் கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் மேகம் விலகியது. அது வந்தது. அதே இடம், அதே தோள், அதே இறக்கம். கேமரா 'டிக்' என்றது. மேகம் நகர்ந்தது. டிக், டிக் என்று மற்ற நாலும் முடிவதற்குள் அது மறைந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"எல்லாம் பாத்தேன். அசத்தலா வந்திருக்கு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கும் மறுநாளும் ஓட்டினேன். மறுநாள் சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "வா மக்கா, வந்து பாரு. இதுல ஒரு குத்தம் சொல்லிரு பாப்போம்."

போனேன். பெரிய திரை முழுக்க மலை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, முதலில் பள்ளத்துக்கு மேலேதான் பார்த்தேன்.

கோடு இல்லை.

பள்ளத்துக்கு மேலே மேகம் மட்டும் சாதுவாகப் படுத்திருந்தது. எனக்குக் காது அடைத்தது. ரோட்டில் பஸ் ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது. சரி, இடது கண்ணும் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் பரிசு கிடைத்த தகப்பன் மாதிரி முகம் மலர்ந்து கிடந்தது.

என் சுபாவம் ஒன்று உண்டு. அழுகை வந்தால் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

"இது என்ன படம்?" என்று ஆரம்பித்தேன். "அடிவாரத்தப் பாருங்க. ரப்பர் மரத்த ஒண்ணொண்ணா எண்ணலாம் போலிருக்கு. அந்த நேரத்துல ரப்பர் பால் வெட்டுறவன் தலையில கட்டின லைட்டு மட்டுந்தான் தெரியும், ஆளு தெரியமாட்டான். விடியாத நேரத்துல இவ்வளவு வெளிச்சம் எங்கேருந்து வந்துது? மலைக்கு அடியில டியூப்லைட் போட்டீங்களா?"

"எல்லாம் தெரியணும்னுதானே அஞ்சு படம் எடுக்கது" என்றார்.

"எல்லாம் தெரிஞ்சா அது மலையா? கொஞ்சம் மறைச்சு வச்சாத்தான் மலை. அந்தா, அந்தப் பலா மரத்துக்கு ரெண்டு கொப்பு கூடுதலா இருக்கு. காத்துல ஆடினது ரெண்டு படத்துல ரெண்டு எடத்துல விழுந்திருக்கு. பேய் மாதிரி நிக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கொப்பு கூடுதலாகத்தான் இருந்தது. குறித்துக்கொண்டார். நான் விடவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, இடமிருந்து வலமாக ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்துக்கொண்டே போனேன். குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று அவர் நினைத்தார். நான் என் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இலை இலையாக, பாறை பாறையாக எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்கேயும் ஒரு கோடு நெளியவில்லை. இவ்வளவும் சரியாகப் பார்க்கிற கண் அந்த ஒரு மலையை மட்டும் ஏன் கற்பனை பண்ணியது?

பள்ளத்துக்கு மேலே இருந்த மேகத்துக்கு மறுபடி வந்தேன். அங்கே என்னவோ உறுத்தியது.

நாற்பது விதமான பூத்துணி ஒரு நாளைக்கு என் கையில் புரளும். பூ எங்கே தொடங்குகிறது, எங்கே முடிந்து மறுபடி அதே பூ வருகிறது என்று பார்த்துத்தான் வெட்டுவேன். இல்லாவிட்டால் முதுகில் ஒரு பூ பாதியோடு நிற்கும். அந்த மேகத்தில் வாத்துத் தலை மாதிரி ஒரு வளைவு இருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, அதே வாத்துத் தலை. அதே அளவு, கழுத்துக்குக் கீழே அதே சின்னக் கிழிசல். பிரிண்ட் துணியில் அப்படி வரும். வானத்தில் வருமா?

"இஞ்ச பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "இந்த மேகமும் அந்த மேகமும் ஒண்ணு. நீங்க இதுல ஒட்டுப் போட்டிருக்கீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "ஒனக்கு எப்படித்தான் தெரியுதோ. ஆமா, லேசா ஒரு ஒட்டு."

"ஓட்டை இல்லாத எடத்துல யாரும் ஒட்டுப் போடமாட்டாங்க. அடியில என்ன இருந்துது?"

"ஒண்ணும் இல்ல. சவம், எனக்க கைப்பிழைதான். முகட்டுக்கு மேல பழைய மாதிரி ஒரு கோடு நின்னுது. நீ கண்டா கசவுக்கரைன்னு சொல்லுவியேன்னு தொடச்சிட்டேன்."

அவர் மவுஸை நகர்த்தினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்க. தொறக்காதீங்க. முதல்ல நான் காட்டுறேன்."

"என்னத்தக் காட்டப்போற?"

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் திரையில் பள்ளத்தின் அடியில் வைத்தேன். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று ரெண்டு தடவை பார்த்ததை அப்படியே நினைவில் கொண்டுவந்து விரலை நகர்த்தினேன். மெல்ல ஏற்றினேன். தோள் வரும் இடத்தில் மட்டமாக இழுத்தேன். மறுபடி ஏற்றி, உச்சியில் நிறுத்தினேன்.

"இப்பம் தொறங்க. ஒட்டு இல்லாத அந்தப் படத்தத் தொறங்க."

அவர் ஐந்தில் ரொம்ப இருட்டான படத்தைத் திறந்தார். திரை கறுத்துப்போனது. ரப்பர்க் காடு போனது, பலா மரம் போனது, எங்கள் மலை முழுசும் ஒரே கறுப்புச் சுவராகிவிட்டது. வானம் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது. அந்த ஒளியில், என் விரல் நகத்துக்குச் சரியாகக் கீழே, அந்த மலையின் உச்சி இருந்தது. தோள் இருந்தது. ஏற்றம் இருந்தது. விரல் வந்த வழியெல்லாம் அது இருந்தது.

அவர் பெரிதாக்கினார். கோடு என்று அவர் நினைத்தது கோடு இல்லை. அதற்குள் மடிப்புகள் தெரிந்தன, ஒரு நீண்ட பள்ளத்தாக்கு தெரிந்தது, ஒரு பக்கம் மட்டும் லேசாக வெளிச்சம் விழுந்திருந்தது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, யார் ஊருக்கு மேலே நிற்கிறதோ. அங்கே சூரியன் வந்துவிட்டிருந்தது, எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதற்கு அந்தப் பக்கமும் ஒரு பின்கதவு இருக்கும், அதைத் திறந்து யாராவது இதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தேன்.

"ஆண்டவரே" என்றார் அவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. "எடி, இது மலையாக்கும்!"

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடைவாசலில் ப்ளவுஸ் வாங்க வந்து நின்ற பெண், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து அப்படியே திரும்பிப் போய்விட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன இல்லாத கோடு, மைனியிடம் கேட்டது, கேமராவைச் சாட்சிக்கு வைத்தது எல்லாம்.

அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இத்தனை நாளு மனசுக்குள்ள வச்சிட்டு நடந்தியா? எனக்கிட்ட சொல்லப்படாதா? நான் ஒனக்கு யாரு, ரோட்டுல போறவனா?" கத்திக்கொண்டே என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஒனக்குப் பயந்துல்லா அதத் தொடச்சேன்" என்றார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே என்னைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மலை இருந்தால் என்ன, கண்ணைக் காட்டாமல் விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டாக்டர் மருந்து விட்டு, கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். வலது கண் பழையபடியே. இடது கண்ணில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரர் உடனே போனை நீட்டி அந்த இருட்டுப் படத்தைக் காட்டினார். டாக்டர் போனை அருகில் பிடித்தார், தூரத்தில் பிடித்தார். "எவிடெ? ஒந்நும் காணுந்நில்லல்லோ" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன். "அம்மோ!" என்று டாக்டர் நிமிர்ந்து என் கண்ணை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

பிறகுதான் படத்தைத் திருத்துகிற வேலை தொடங்கியது. முதலிலிருந்து செய்தோம். கடையில் கூட்டம் குறைகிற மத்தியான நேரத்தில் நான் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலில் அடிவாரத்துக்கு இருட்டைத் திருப்பிக் கொடுத்தோம். ரப்பர் மரங்கள் பின்வாங்கின. பலா மரத்தின் பேய்க்கொப்பு போனது. எங்கள் மலைக்கு அதன் கறுப்பும் கனமும் திரும்பி வந்தன. வானத்திலிருந்து வாத்துத் தலையை உரித்து எடுத்தார். அடியிலிருந்து அந்த மலை வெளியே வந்தது.

அங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை. அவருக்கு அதை நன்றாகத் தெரிய வைக்க வேண்டும். "கொஞ்சம் கறுப்பு கூட்டுனா எல்லாருக்கும் தெரியும்லா? இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சிட்டு யாருக்கும் தெரியல்லேன்னா எப்படி?" என்று கொஞ்சம் கூட்டினார். மலை முன்னால் வந்து நின்றது. பார்த்தவுடன் தெரிந்தது. நானும் பார்த்தேன். ஏதோ ஒரு மலை. அன்று ஈரத்துணியோடு என்னை நிறுத்தி வைத்தது இது இல்லை.

"கொறைங்க" என்றேன்.

குறைத்தார்.

"இன்னும்."

"எடி, இதுக்கு மேல கொறைச்சா எனக்கே தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியாட்டா போகட்டு. அன்னைக்கு எப்படி நின்னுதோ அப்படி நிக்கணும். பாக்குறவங்க கொஞ்சம் நேரம் நின்னு பாக்கட்டும். அது தானா வரணும்."

வானத்தைவிட ஒரு சொட்டு கறுப்பு, அந்த அளவில் நிறுத்தினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

பெரிய படமாக அச்சடித்து ஒன்றை ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறார். கல்யாண ஆல்பம் வாங்க வருகிறவர்கள் "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எப்போதாவது ஒருவர் நின்றுவிடுவார், தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுவார், வாய் லேசாகத் திறக்கும். அப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மிஷினை நிறுத்திவிடுவேன். என் கணவர் நேரில் இன்னும் அதைப் பார்க்கவில்லை. மழை விட்ட காலையிலெல்லாம் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மேகம் அவருக்கு மட்டும் விலக மாட்டேன் என்கிறது.

இன்னொரு படத்தைச் சமையலறையில் கட்டத்தாளுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொள்வேன். டாக்டர் சொன்னபடி முதலில் கட்டத்தைப் பார்ப்பேன். அப்புறம் மலையைப் பார்ப்பேன், அதன் பள்ளத்தைப் பார்ப்பேன், பள்ளத்துக்குப் பின்னால் பார்ப்பேன். அந்த ஒரு நொடி ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கட்டத்தில் கோடுகள் நேராக இருந்தாலும் நான் நம்பமாட்டேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அதனால் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு உள்ளே பார்த்துக் கேட்பார்.

"உண்டா?"

இன்றைக்கும் கேட்டார்.

"உண்டு" என்றேன்.